கொசுறு வைத்த ஆன்டெனா

வானொலி நடத்துவது என்றால் பேசுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட எங்களுக்குத் தெரியும், அது மொட்டைமாடியில் ஒரு கம்பியை அண்ணாந்து பார்த்தபடி கழுத்து வலிக்க நிற்பது.

சங்கம், நூலகம், இலவச மருத்துவ முகாம் என்று ஏதோ ஒரு தலைவரின் தயவில் நடக்கும் நல்ல காரியத்தில் காலை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் தவிப்பவரா நீங்கள்? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உங்கள் பெஞ்சுதான். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். வீட்டின் அமைதி காதை அடைக்க ஆரம்பித்ததும், மதுரைக்கு வெளியே சுற்றுச்சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இயங்கும் சமூக வானொலிக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளராகப் போனேன். மண்டபம் தலைவருடையது. வானொலியை நடத்தும் அறக்கட்டளையும் அவருடையது. நெல்லிலும் அரிசி ஆலையிலும் சம்பாதித்தது போதும், இனிப் பேர் வேண்டும் என்று தோன்றிய வயதில் அதை ஆரம்பித்தார். நான் பேராசிரியையாக இருந்தவள் என்று பலமுறை சொல்லியாயிற்று. அவருக்கு நான் 'டீச்சர்'தான்.

எங்களைப் போன்ற குட்டி நிலையங்கள் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம், கோபுரத்தை எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதெல்லாம் அரசாங்கம் போட்ட கோடு. அதைத் தாண்ட முடியாது. நம் கையில் மிஞ்சுவது, உச்சியில் என்ன ஆன்டெனா வைப்பது, அதற்குக் கீழிருந்து எந்தக் கேபிளை இழுப்பது என்பது மட்டும். அதில் எத்தனை விதமாகத் தவறலாம் என்று எனக்கு இப்போது தெரியும்.

சீரியல் பல்பு

எங்கள் நிலையத்தில் உருப்படியான நிகழ்ச்சி ஒன்று உண்டு. தலைவரின் 'சிந்தனைத் துளிகள்' அல்ல. விடியற்காலையில் பாண்டிச்செல்வி வாசிக்கும் பூ விலை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ஒருவர் அவளுக்குப் போனில் சொல்வார், அவள் மைக்கில் சொல்வாள். 'மல்லி இன்றைக்கு இந்த விலை, பிச்சி இந்த விலை' என்று அவள் நிதானமாகச் சொல்லும்போது அவளுடைய ஊரான ஓடைப்பட்டியில் பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்கள், இப்போது குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்து மல்லி வைத்திருக்கிறார்கள். பட்டன் போனில் இயர்போன் ஒயரைச் செருகினால் ரேடியோ கேட்கும். விலை காதில் விழுந்துவிட்டால், மோட்டார் சைக்கிளில் பூ வாங்க வரும் தரகர் இஷ்டத்துக்கு ஒரு விலை சொல்ல முடியாது. எங்கள் கோபுரம் அங்கே நிற்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்.

சித்திரை முகூர்த்தம் ஒன்றுக்கு மண்டபத்தை அலங்கரிக்க வந்தவர், சீரியல் பல்புச் சரங்களை எங்கள் கோபுரத்தின் உச்சியிலிருந்து நாலாபக்கமும் இழுத்துக் கட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மண்டபத்தில் உயரமாக எது இருந்தாலும் அதில் பல்பு தொங்கவேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். சாயங்காலம் கோடைமழைக் காற்று அடித்தது. சரம் ஆன்டெனாவை இழுத்தது, ஆன்டெனா கேபிளை இழுத்தது, எல்லாமாக மாடியில் வந்து விழுந்தன. சிறகு முறிந்த கொக்கு மாதிரி கிடந்த அந்தக் கம்பியின் பக்கத்தில் நான் நின்றிருந்தபோது, பல்புக்காரர் சரத்தைச் சுருட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "பதறாதீங்கம்மா, சாமி புண்ணியத்துல நம்ம பல்பு ஒண்ணுகூட உடையல!"

பனிமலைப் படம்

பழைய உதிரி ஒன்றைக் கட்டிவைத்தோம். அது மண்டபத்தின் பந்திக் கூடம் வரைக்கும் நன்றாகப் பேசியது. ஓடைப்பட்டிக்கு எட்டவில்லை. நல்ல ஆன்டெனாவாக வாங்கவேண்டும் என்று நான் நச்சரித்ததில், சென்னையிலிருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். இந்த வெயிலில் டை கட்டியிருந்த அவரைப் பார்க்கவே எனக்கு இரக்கமாக இருந்தது. வழவழப்பான புத்தகம் ஒன்றை விரித்தார். முதல் பக்கத்தில் பனிமலை உச்சியில் ஒரு ஆன்டெனா. பனி தாங்குமாம். "காக்கா தாங்குமா?" என்று கேட்டேன். அவர் அவசரமாகப் பொருளடக்கத்தைப் புரட்டினார்.

ஆனாலும் விஷயம் தெரிந்தவர்தான். ஒவ்வொரு நிலையத்தின் அலைவரிசைக்கும் ஆன்டெனாவுக்கு ஒரு நீளம் உண்டு, அதில் கூடுதல் குறைச்சல் கூடாது, கேபிள் மட்டமாக இருந்தால் பாதிக் குரல் ஏறும் வழியிலேயே செத்துப்போகும் என்று விளக்கினார். ஆயுள் முழுக்கக் கடைசி பெஞ்சை நோக்கிப் பேசியவளுக்கு இது நன்றாகவே புரிந்தது. தலைவர் மட்டும் படங்களையே புரட்டிக்கொண்டிருந்தார். ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றும் விரல் தடிமனில், முட்டைவெள்ளை நிறத்தில், கூச்ச சுபாவத்தோடு நின்றன. கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, சுற்றுச்சாலையில பஸ்ல போறவன் பார்த்தா இது கண்ணுக்கே தெரியாதே!"

செல்லூர்ப் பட்டறை

தலைவரின் மச்சான் ராசாங்கம் செல்லூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே வெல்டிங் பொறி பறக்கும் சந்து அது. அவர் கையால் செய்த கேட்டுகள் ஊர் பூராவும் நிற்கின்றன. ஒன்றையும் குறை சொல்ல முடியாது, யானை வந்து முட்டினாலும் நிற்கும். தன் அக்கா புருஷனின் வானொலிக்கு வெளியாள் ஆன்டெனா செய்வதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சென்னைக்காரர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஒல்லியா இருந்தா எப்படிக்கா சத்தம் போகும்? குழாய் பெருசா இருந்தாத்தானே தண்ணி நல்லா வரும்?" என்று என்னிடமே கேட்டார்.

மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் கனத்த எவர்சில்வர் குழாயில் ஆன்டெனா உருவானது. பார்க்கப் போயிருந்தேன். நுனிகளில் கேட்டுக்கு வைப்பதுபோல வேல் முனை. நடுவில் ஒரு மயில். எல்லாவற்றுக்கும் மேல் தங்க பெயின்ட். என்னால் தாங்க முடிந்தவற்றை எல்லாம் தாங்கிக்கொண்டு, "நீளம் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி அளந்து வெட்டினீர்களா ராசாங்கம்?" என்று கேட்டேன். மனிதர் புண்பட்டுப் போனார். பூக்கடையில் முழத்துக்கு மேல் ஒரு விரற்கடை விடுவார்கள், காய்கறிக் கடையில் கறிவேப்பிலை போடுவார்கள். கொசுறு தெரியாதவன் மதுரையில் கடை வைக்க முடியாது. வெண்பாவின் ஈற்றடியில் அன்பு மிகுதியால் ஒரு சீரைக் கூட்டி வைத்த மாதிரி, அவர் பெருமையாகச் சொன்னார்: "சொந்தத்துக்குச் செய்றப்ப யாராவது அளந்தா குடுப்பாக? ஒவ்வொரு குழாயிலயும் ஒரு சாண் கூடத்தான் விட்டிருக்கேன்க்கா!"

துபாய் மாப்பிள்ளை

நல்ல நாள் பார்த்து ஆன்டெனா ஏறியது. அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை, கோபுரத்தின் காலடியில் வாழைக்கன்று, திருஷ்டிக்கு எலுமிச்சை. கேபிள் மட்டும் பழையதுதான். புதுப் பெண்ணுக்குப் பழைய செருப்பைப் போட்டு அனுப்பியதுபோல அது பின்னால் தொங்கிக்கொண்டு போனது. தலைவர் கோபுரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ரேடியோவை வைத்துப் பரிசோதித்தார். கணீரென்று கேட்டது. விளக்குக்குக் கீழே உட்கார்ந்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதற்கு என்ன கஷ்டம்?

நான் "ஓடைப்பட்டியில் கேட்கிறதா என்று பார்ப்போம்" என்றேன். "அங்கன எதுக்கு டீச்சர்? ஆளு இருக்கிற இடமா பாருங்க" என்றார். ஓடைப்பட்டியில் இருப்பவர்கள் ஆள் இல்லாமல் வேறு என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் போன் அடித்தது. துபாயிலிருந்து மாப்பிள்ளை. "மாமா, கார்ல போய்க்கிட்டே கேக்குறேன், பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு." அவர் கேட்டது போன் செயலியில். அது இன்டர்நெட் வழியாகப் போவது. எங்கள் மாடிக் குழாயை எடைக்குப் போட்டுவிட்டாலும் துபாயில் கேட்கும். இதை நான் பொறுமையாக, எழுவாய் பயனிலையோடு விளக்கினேன். தலைவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்: "கடல் தாண்டித் துபாய்க்கே போகுது, கண்மாய் தாண்டி ஓடைப்பட்டிக்குப் போகாதாம், டீச்சருக்குக் கவலையப் பாரு!"

சூடு

நீளம் பொருந்தாத ஆன்டெனா, அனுப்பிய குரலை வெளியே விடாது. அது கேபிள் வழியே இறங்கித் திரும்பி வந்து, அனுப்பிய பெட்டியையே சுடும். சொன்ன சொல் திரும்பி வந்து சொன்னவரைச் சுடுவதை வீடுகளில் பார்த்திருக்கிறேன், இயந்திரத்தில் அப்போதுதான் பார்த்தேன். ஒலிபரப்புப் பெட்டி கொதித்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு முனகியது. மேஜை விசிறியை அதற்குத் திருப்பிவைத்துவிட்டு வியர்வையில் பூ விலை வாசித்தாள் பாண்டிச்செல்வி. ராசாங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினால், பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "புதுசு அப்படித்தான்க்கா இருக்கும், பழகப் பழகச் சரியாயிரும்" என்றார். அவர் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்: "அம்மா, பழகுற வரைக்கும் இது மேல தோசை ஊத்திக்கிரட்டா?"

பூங்காட்டில்

விடியும் முன் ஆட்டோ பிடித்து ஓடைப்பட்டிக்குப் போனேன். நிலத்தின் மேல் இன்னும் பால் நிறம் விலகவில்லை. மல்லி மொட்டுகளை விரல்கள் கிள்ளும் சத்தம், மெல்லிய, விடாத சத்தம், நாலாபக்கமும் கேட்டது. பாண்டிச்செல்வியின் அம்மா பேச்சி, இடுப்பில் துணி மடி கட்டி, கழுத்தில் இயர்போன் ஒயரை மாலை மாதிரி போட்டிருந்தார். எனக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்தார். வெறும் இரைச்சல். மகள் அங்கே மாடியில் வாய் திறந்திருப்பாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இங்கே 'ஸ்ஸ்ஸ்' என்று மட்டும் வந்தது. பேச்சி ஒயரைத் தூக்கிப் பிடித்தார், வரப்பில் ஏறி நின்றார், கிழக்கே திரும்பினார். ஸ்ஸ்ஸ்.

மோட்டார் சைக்கிளில் தராசோடு தரகர் வந்தார். ஒரு விலை சொன்னார். பேச்சி, "அம்புட்டுத்தானா அண்ணே? நேத்து இதவிடக் கூடச் சொன்னீங்களே?" என்றார். "ரேடியோவுல கேட்டுக்க தாயி, நானா வேணாங்கிறேன்?" என்று சிரித்தார் அவர். நான் யார் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "ரேடியோக்காரம்மாவா? பெரிய உதவி பண்றீங்கம்மா" என்றார். எனக்கு முகம் எரிந்தது. பூவைக் கொட்டிவிட்டு வெறும் மடியை உதறிக்கொண்டே பேச்சி என்னிடம் வந்தார். மண்டபத்து மாடியில் தலைவர் அடித்த துபாய் ஜோக்கை மகள் வீட்டில் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது: "எம்மக சொல்ற விலையக் கேக்கணும்னா நான் துபாய்க்கா போகணும்?"

பிறந்தநாள் உரை

அந்தக் கேள்வியை ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வண்டியூர்த் தெப்பக்குளம் வருவதற்குள் ஒரு வழி தோன்றியது. தலைவருக்கு அலைவரிசை புரியாது, கேபிள் புரியாது. தன்னை மட்டும் நன்றாகப் புரியும். அவருடைய பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "உங்கள் உரையைப் பதிவுசெய்து ஒலிபரப்புவோம். நீங்கள் ஓடைப்பட்டியில் மக்களோடு மக்களாக உட்கார்ந்து கேட்பீர்கள். படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம்" என்றேன். அவர் கண் கலங்கியது. உரையை நானே எழுதினேன். 'காற்றில் ஏறி வரும் என் குரல், உங்கள் கண்ணீரைத் துடைக்கும் கைக்குட்டை' என்று ஒரு வரி. பேராசிரியையாக எழுதியிருந்தால் அது என் கையில் வந்திருக்காது. டீச்சர் எழுதினாள்.

சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், சால்வை, நடுமேஜையில் பெரிய ரேடியோ. குறித்த நேரத்துக்கு ராசாங்கம் குமிழைத் திருகினார். ஸ்ஸ்ஸ். திரும்பத் திருகினார். தலைவர் ரேடியோவின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டரி மாற்றினார்கள். புளியமரம் மறைக்கிறது என்றார் ராசாங்கம். "செயலியில போடு மாப்ள" என்று தலைவர் ராசாங்கத்திடம் தன் போனை நீட்டினார். அங்கே நெட் கிடைப்பதில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தலைவரின் பிறந்தநாள் உரை ஒரு வரி விடாமல் இரைச்சலாக ஓடியது. யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் மடித்த கையோடு உட்கார்ந்திருந்த பேச்சி, தலைவரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஐயா பேச்சு அருமைங்கய்யா, வெளியில மழை பேயிற மாதிரியே இருக்கு."

முகப்பு வளைவு

காரில் திரும்பும்போது தலைவர் சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சுற்றுச்சாலை வந்ததும், "அந்த டை கட்டின தம்பி நம்பர் இருக்கா டீச்சர்?" என்றார். நம்பரை நான் கையிலேயே வைத்திருந்தேன். சென்னைக்காரரிடமிருந்து எங்கள் அலைவரிசைக்கென்றே அளந்து செய்த ஒல்லி ஆன்டெனா வந்தது. கூடவே கைக்கு அடங்காத கனத்த கேபிள். மழைத்தண்ணீர் இறங்காதபடி ஒவ்வொரு இணைப்புக்கும் பட்டை சுற்றினார்கள். ஆனால் தங்க ஆன்டெனாவை இறக்கியதில் ராசாங்கம் தலைவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, தம்பிக்காக அக்காள் அடுப்பு மூட்டவில்லை. ஹோட்டல் சாப்பாடு அலுத்ததும் தலைவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். தங்க ஆன்டெனா மண்டபத்தின் முகப்பு வளைவு மேல் ஏறியது, மயிலோடு, வேலோடு, எந்த ஒயரும் இல்லாமல். பல்புக்காரருக்கும் சரம் கட்ட இடம் கிடைத்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மணமக்கள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கோபுரத்தில் நிற்கும் ஒல்லிக் கம்பியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

புது ஆன்டெனா ஏறிய மறுநாள் விடியலில் மறுபடி ஓடைப்பட்டிக்குப் போனேன். பேச்சி கொடுத்த ஒயர்முனையை, பயந்துகொண்டேதான் காதில் வைத்தேன். "மல்லி இன்றைக்கு..." என்று பாண்டிச்செல்வி, வயலின் நடுவிலிருந்து பேசுவதுபோல, சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாக்கியம் முடியும்வரை பேச்சி பூ எடுக்கவில்லை. தரகர் வண்டியை நிறுத்தி வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்று வரப்புகளிலிருந்து பெண்கள் விலையைச் சொன்னார்கள். இந்த முறை அவர் என்னைக் கும்பிடவில்லை.

இந்த நல்ல சேதியைத் தலைவரிடம் சொல்ல மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் ராசாங்கம் தன் மயிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடைப்பட்டியில் கேட்கிறதாம் என்று அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். ஏணியிலிருந்தபடியே என்னைப் பார்த்துக் கையாட்டினார்: "பாத்தீகளாக்கா, பழகப் பழகத்தான் கேக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

ஆகவே, சக மாடிவாசிகளே, நிலையத்துக்கு நல்ல ஆன்டெனா வாங்க நினைத்தால் முதலில் தலைவருக்கென்று தனியாக ஒன்று செய்து, ரோட்டைப் பார்க்க நிறுத்திவிடுங்கள்.